பழைய ரோட்டில் ஜியோகேச்சிங்: திருச்சியிலிருந்து செட்டிநாடு வரை

கேள்வி: அமெரிக்காவில் அக்கா வீட்டுக்குப் போயிருந்தபோது, ரூட் 66 என்ற பழைய நெடுஞ்சாலையில், மறைத்துவைத்த பெட்டிகளை ஜிபிஎஸ் வைத்துத் தேடும் ஜியோகேச்சிங் விளையாடிக்கொண்டே காரில் போனோம். பிள்ளைகளுக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. இந்தத் தை மாதம் அக்கா குடும்பமும் வருகிறது. எல்லோருமாகத் திருச்சியிலிருந்து காரைக்குடிப் பக்கம் மூன்று நாள் போகலாம் என்று இருக்கிறோம். ஆப்பில் பார்த்தால் அந்த வழியில் பெட்டிகள் மிகக் குறைவாகத் தெரிகின்றன. அதை நம்பி வரலாமா? நாங்களே பெட்டி வைக்கலாமா? எந்த வழியில் போவது நல்லது?

பதில்:

தாராளமாக வாருங்கள். ஆனால் பெட்டிகளைப் பார்த்து வழியை வகுக்க வேண்டாம். முதலில் சாலையைத் தேர்ந்தெடுங்கள். வழியில் பெட்டி இருந்தால் தேடுங்கள். இல்லாத இடங்களில் அந்த விளையாட்டின் முறையை மட்டும் எடுத்துக்கொண்டு, பெட்டியே இல்லாமல் பிள்ளைகளுக்கு நீங்களே ஆட்டத்தை அமைத்துக்கொடுங்கள். செட்டிநாட்டுக்கு இந்த முறைதான் பொருந்தும் என்று உறுதியாக நம்புகிறேன். காரணங்களை விரிவாகவே சொல்கிறேன்.

இந்த விளையாட்டைப் பற்றிக் கேள்விப்படாதவர்களுக்காக ஒரு சிறு விளக்கம். ஒருவர் ஒரு சின்னப் பெட்டியை ஓரிடத்தில் மறைத்துவைத்து, அந்த இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை எண்களை இணையத்தில் போடுவார். மற்றவர்கள் ஜிபிஎஸ் துணையோடு தேடிப் போய், உள்ளே இருக்கும் நோட்டில் பெயரும் தேதியும் எழுதிவிட்டு, எடுத்த இடத்திலேயே திரும்ப வைத்துவிட்டு வருவார்கள். பொதுமக்களுக்கான ஜிபிஎஸ் சிக்னலில் அமெரிக்க அரசு வேண்டுமென்றே கலந்துவைத்திருந்த பிழையை 2000-ஆம் ஆண்டு மே மாதத் தொடக்கத்தில் நீக்கியது. அதுவரை நூறு மீட்டர் வரை தள்ளிக் காட்டிய கருவிகள் சட்டென்று துல்லியமாகிவிட்டன. மே 3-ஆம் தேதியே டேவ் அல்மர் என்பவர் ஓரிகன் மாநிலத்தில் போர்ட்லண்ட் நகருக்கு வெளியே ஒரு வாளியை மறைத்துவைத்து எண்களை இணையத்தில் அறிவித்தார். அங்கே தொடங்கியது இது.

நீங்கள் போன ரூட் 66 இந்த விளையாட்டுக்கு ஏன் அவ்வளவு பொருந்தியது என்று யோசித்துப் பாருங்கள். 1926-இல் எண் பெற்ற சாலை அது. சிகாகோவிலிருந்து கலிஃபோர்னியாவின் சான்டா மோனிகா வரை போனது. பக்கத்திலேயே அகலமான புதிய நெடுஞ்சாலைகள் வந்தன. 1985-இல் பழைய சாலையின் எண் அதிகாரப்பூர்வமாக நீக்கப்பட்டது. வண்டிகள் விலகிப்போன அந்த ஊர்களுக்கு, பழையதைத் தேடி வருபவர்கள் இப்போது வருகிறார்கள். அந்த ஊர்களில் விளையாட்டுக்காரர்களும் குடியிருக்கிறார்கள். பெட்டி வைத்தவர் அதைத் தொடர்ந்து பராமரிக்கும் நிலையில் இருக்க வேண்டும் என்பது இந்த விளையாட்டின் முக்கியமான விதி. நோட்டு நனைந்தால் மாற்ற வேண்டும். பெட்டி காணாமல் போனால் போய்ப் பார்க்க வேண்டும். அதனால்தான் சுற்றுலா வந்தவர் வைத்துவிட்டுப் போகும் பெட்டிகளைப் பொதுவாக ஏற்பதில்லை. நம் பக்கம் விளையாடுபவர்களே சொற்பம். ஐப்பசி, கார்த்திகை மழையும் சித்திரை வெயிலும் கறையானும் சேர்ந்து கவனிப்பில்லாத பெட்டியைச் சீக்கிரம் அழித்துவிடும். ஆப்பில் தெரியும் ஒன்றிரண்டும் இடத்தில் இருக்கிறதா என்பதை, கடைசியாக யார் எப்போது கண்டுபிடித்தார்கள் என்ற பதிவைப் பார்த்து முடிவுசெய்யுங்கள். வரிசையாகச் சிலர் கிடைக்கவில்லை என்று எழுதியிருந்தால், அதற்காக வண்டியைத் திருப்ப வேண்டாம்.

சாலை விஷயத்தில் நமக்குக் குறையே இல்லை. திருச்சியிலிருந்து புதுக்கோட்டை, திருமயம், காரைக்குடி, தேவகோட்டை வழியாக ராமநாதபுரம் போகும் பாதை முன்பு 210 என்ற ஒரே தேசிய நெடுஞ்சாலை எண்ணில் இருந்தது. 2010-இல் நாடு முழுவதும் எண்களை மாற்றியபோது அது துண்டானது. இப்போது திருச்சி முதல் புதுக்கோட்டை வரை 336, அங்கிருந்து திருமயம் வரை 36, திருமயத்திலிருந்து காரைக்குடி வழியாக ராமநாதபுரம் வரை 536. பழைய வரைபடத்தையும் இன்றைய வரைபடத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் சாலை எங்கெங்கே ஊரைத் தவிர்த்து விலகுகிறது என்று தெரியும். விலகும் ஒவ்வொரு இடத்திலும் ஊருக்குள் போகும் பழைய கிளையைப் பிடியுங்கள். இரண்டு பக்கமும் புளியமரங்கள் நெருக்கமாக நின்றால் பெரும்பாலும் நீங்கள் பழைய சாலையில்தான் இருக்கிறீர்கள். மரங்களில் நெடுஞ்சாலைத் துறை வெள்ளை பூசி எழுதிய எண்ணும் இருக்கும்.

இன்னொன்றையும் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். திருச்சி வெள்ளைக்காரர் நேரடியாக ஆண்ட பகுதி. கொஞ்ச தூரம் வந்ததும் தொண்டைமான்களின் புதுக்கோட்டை சமஸ்தானம். அதைத் தாண்டினால் சிவகங்கை ஜமீன். 90 கிலோமீட்டர் சொச்சத்தில் மூன்று ஆட்சிகளைக் கடந்த சாலை இது. புதுக்கோட்டை 1948 மார்ச் 3-ஆம் தேதிதான் இந்தியாவோடு இணைந்தது. செட்டிநாட்டு ஊர்களும் இந்தப் பழைய எல்லைக்கு இரு பக்கமும் கிடக்கின்றன. கடியாபட்டி, ராயவரம், அரிமளம் எல்லாம் புதுக்கோட்டைச் சீமை. கானாடுகாத்தான், பள்ளத்தூர், கோட்டையூர், காரைக்குடி எல்லாம் சிவகங்கைச் சீமை. எந்த இடத்தில் எல்லை இருந்தது என்று இன்றைய மாவட்டப் பலகையை வைத்துப் பிள்ளைகளைக் கண்டுபிடிக்கச் சொல்வதே நல்ல முதல் ஆட்டம்.

அப்புறம் மைல்கற்கள். இதில் கொஞ்சம் நின்று பேச வேண்டும், ஏனென்றால் பழைய சாலையில் ஜியோகேச்சிங் மனநிலையோடு தேட இதைவிடச் சிறந்த பொருள் கிடையாது. நம் நாட்டில் மெட்ரிக் அளவை 1956-ஆம் ஆண்டுச் சட்டத்தால் வந்தது. அதற்கு முன்பு நட்ட கற்களில் தூரம் மைலில்தான் இருக்கும். புதுக்கோட்டை வட்டாரத்தில் தமிழ் எண் பொறித்த பழைய மைல்கற்கள் கண்டறியப்பட்டிருக்கின்றன. சாலையை உயர்த்தி உயர்த்திப் போட்டதில் பல கற்கள் கழுத்தளவு புதைந்துவிட்டன. சில வேலி ஓரத்திலும் டீக்கடை வாசலிலும் கிடக்கும். பழைய தமிழ் எண் முறையில் பத்துக்கு ௰, நூறுக்கு ௱ என்று தனி எழுத்து உண்டு. பன்னிரண்டு என்றால் ௰௨ என்று எழுதுவார்கள். கிளம்புவதற்கு முன் ௧ முதல் ௯ வரையும், ௰, ௱ இரண்டையும் ஓர் அட்டையில் எழுதிப் பிள்ளைகள் கையில் கொடுத்துவிடுங்கள். கல்லைக் கண்டால் எண்ணைப் படித்து, 1.609-ஆல் பெருக்கிக் கிலோமீட்டர் ஆக்கி, இன்றைய தூரத்தோடு ஒப்பிட வேண்டும். வித்தியாசம் வந்தால், சாலை வளைந்ததா, கல் இடம் மாறியதா என்று பேசுங்கள். கல் இருக்கும் இடத்தின் ஜிபிஎஸ் எண்களைக் குறித்துக்கொண்டு படம் எடுத்தால் போதும். சுரண்டவோ சுண்ணாம்பு பூசவோ வேண்டாம்.

அதே கண்ணோடு சுமைதாங்கிக் கற்களையும் பாருங்கள். தலைச்சுமையோடு நடந்தவர்கள் யார் உதவியும் இல்லாமல் சுமையை இறக்கிவைத்து மறுபடி தூக்கிக்கொள்ள, ஆள் உயரத்துக்கு இரண்டு கல்லை நட்டு மேலே ஒன்றைக் கிடத்தியிருப்பார்கள். கர்ப்பத்தோடு இறந்துபோன பெண்களின் நினைவாக இவற்றை வைக்கும் வழக்கம் இருந்தது. வேகமாகப் போகிறவர்களுக்கு இது வெறும் கல் பலகைதான். ஒரு சுமைதாங்கி நிற்கும் இடம், வண்டிகள் வருவதற்கு முன்பு ஜனங்கள் நடந்த வழி எது என்பதைக் காட்டிக்கொடுத்துவிடும்.

திருச்சிக்கும் புதுக்கோட்டைக்கும் நடுவே ஒரே ஓர் இடத்துக்கு விலகினால் போதும். கீரனூர் தாண்டி நார்த்தாமலை. வெறும் பாறைமேல் நடந்து ஏறினால் விஜயாலய சோழீச்சரமும் குடைவரைகளும் இருக்கின்றன. வெயிலுக்கு முன் போய்விட வேண்டும். சித்தன்னவாசல், குடுமியான்மலை எல்லாம் அருமையானவை, ஆனால் உங்கள் மூன்று நாளில் அவற்றைத் திணித்தால் செட்டிநாட்டுக்கு இருட்டிய பிறகுதான் வந்து சேர்வீர்கள். அவற்றுக்குத் தனியாக ஒருமுறை வாருங்கள்.

புதுக்கோட்டை தாண்டி நமணசமுத்திரம் வரும். அங்கே ஐயனார் கோயிலில் வரிசையாக மண்குதிரைகள் நிற்கும். புரவி எடுப்பு என்ற திருவிழாவில் ஊரார் கொண்டுவந்து வைத்தவை. செருப்பைக் கழற்றிவிட்டு, தொடாமல் பார்க்க வேண்டும். ஜியோகேச்சிங் பழகியவர்களின் கை, பொந்து எதைக் கண்டாலும் உள்ளே போகும். உள்ளே கூடாக இருக்கும் குதிரைகள் அந்த ஆசையைத் தூண்டும். பிள்ளைகளிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள், அவை நேர்த்திக்கடன்கள். அடுத்து லெம்பலக்குடி சுங்கச்சாவடி, அப்புறம் திருமயம்.

திருமயத்துக்கு அரை நாள் கொடுங்கள். 1687-இல் கிழவன் சேதுபதி காலத்தில் கட்டிய கோட்டை. ஊமையன் கோட்டை என்றும் சொல்வார்கள், கட்டபொம்மனின் தம்பி ஊமைத்துரையின் நினைவாக. ஒரே பாறையின் அடிவாரத்தில் சத்தியகிரீசுவரர் குடைவரையும் சத்தியமூர்த்திப் பெருமாள் கோயிலும் அடுத்தடுத்து இருக்கின்றன. பெருமாள் கோயில் 108 திவ்ய தேசங்களில் ஒன்று. விடுதலைப் போராட்ட வீரர் சத்தியமூர்த்தி 1887-இல் பிறந்ததும் இந்த ஊரில்தான். கோட்டை உச்சியில் ஒரு பீரங்கி இருக்கிறது. அதன் பக்கத்தில் நின்றால் சுற்றிலும் கண்மாய்களும் சாலையும் தெளிவாகத் தெரியும்.

இந்த உச்சியில் ஒரு ஆட்டம் சொல்கிறேன். போனில் உள்ள திசைகாட்டியை வைத்து, கண்ணுக்குத் தெரியும் ஒவ்வொரு கோபுரமும் எத்தனை பாகையில் இருக்கிறது என்று பிள்ளைகள் குறிக்க வேண்டும். கீழே இறங்கியதும் வரைபடத்தில் அந்தக் கோடுகளை இழுத்து, எந்த ஊர்க் கோபுரம் என்று கண்டுபிடிக்க வேண்டும். இந்த நாட்டை முதலில் அளந்ததும் ஏறத்தாழ இப்படித்தான். 1802-இல் சென்னையில் நில அளவையைத் தொடங்கிய வில்லியம் லாம்டன், தஞ்சைச் சமவெளியில் மலை இல்லாததால் கோயில் கோபுரங்களின் மேல் ஏறி அளந்தார். 1808-இல் தஞ்சைப் பெரிய கோயிலில் கோணம் அளக்கும் தியோடலைட் கருவியைக் கயிற்றில் தூக்கும்போது கயிறு அறுந்து, அரை டன் கருவி மோதிச் சேதமானது. இன்று பிள்ளைகளின் சட்டைப் பையில் இருக்கும் போன் சொல்லும் எண்ணுக்குப் பின்னால் அப்படிப்பட்ட உழைப்பு இருக்கிறது என்பதைச் சொல்ல இந்த உச்சியைவிட நல்ல இடம் கிடைக்காது.

திருமயத்திலிருந்து காரைக்குடிக்குப் பெரிய சாலையிலேயே போனால் சுமார் 20 கிலோமீட்டர், அரை மணி நேரத்தில் முடிந்துவிடும். அப்படிப் போகாதீர்கள். கடியாபட்டிக்குள் ஒரு சுற்று, பிறகு கானாடுகாத்தான், பள்ளத்தூர், கோட்டையூர் என்று ஊர்களுக்குள் புகுந்து வாருங்கள். வண்டியை நிறுத்திவிட்டு நடக்க வேண்டிய இடம் இது. தெருக்கள் நேர்கோட்டில் கட்டம் கட்டமாக இருக்கும். ஒரு தெருவில் முகப்பு இருந்தால் அதே வீட்டின் பின்வாசல் அடுத்த தெருவில் இருக்கும். ஒரு வீட்டின் முன்வாசலின் ஜிபிஎஸ் எண்களைக் குறித்துக்கொண்டு, சுற்றிப் போய் அதே வீட்டின் பின்வாசலைக் கண்டுபிடித்து, நடுவில் எத்தனை மீட்டர் என்று கணக்கிடச் சொல்லுங்கள். வீடு எவ்வளவு நீளம் என்பது அப்போதுதான் உறைக்கும். முகப்பின் மேல் சுதையில் கஜலட்சுமி, பக்கத்திலேயே துப்பாக்கி பிடித்த வெள்ளைக்காரச் சிப்பாய், குடும்பத்தின் விலாசம், அதாவது பெயருக்கு முன் போடும் முதலெழுத்துகள் எல்லாம் இருக்கும். எந்த விலாசம் எந்தத் தெருவில் என்பது ஒரு நல்ல தேடல். யுனெஸ்கோவின் தற்காலிகப் பட்டியலில் செட்டிநாட்டு ஊர்கள் 2014-இலேயே இடம்பெற்றுவிட்டன. ஆனாலும் பல வீடுகள் பூட்டித்தான் கிடக்கின்றன, சில இடிந்துகொண்டிருக்கின்றன.

பூட்டிய வீடுகளைப் பற்றி ஒரு விஷயம் தெரிந்துகொள்ள வேண்டும், இதிலேயே உங்கள் இரண்டாவது கேள்விக்குப் பாதிப் பதில் இருக்கிறது. ஒரு வீடு பெரும்பாலும் ஒருவருடையது அல்ல. பங்காளிகள் பலருக்கு உரிமை. ஒருவர் சென்னையில், ஒருவர் சிங்கப்பூரில், ஒருவர் இங்கே. சாவி ஒரு காவல்காரரிடம் இருக்கும். அவர் அனுமதித்தால் பார்க்கலாம். சில வீடுகளில் கட்டணம் வாங்கிக்கொண்டு காட்டுகிறார்கள். ஆனால் சுவரில் ஒரு சின்ன டப்பாவைச் செருகக்கூட அவரால் அனுமதி தர முடியாது. ஒரு பங்காளி சரி என்றாலும் இன்னொருவர் கேட்பார். ஜியோகேச்சிங் விதிப்படி இடத்துக்கு உரியவரின் அனுமதி வேண்டும் என்பதை இங்கே நிறைவேற்றுவது அவ்வளவு கடினம். தூணும் நிலைக்கதவும் பழம்பொருள் சந்தையில் விலைபோகும் காலம் இது. யாருமில்லாத வீட்டின் மூலை முடுக்கை ஒருவர் போனைப் பார்த்துக்கொண்டே தடவினால் தெருவில் உள்ளவர்கள் சந்தேகப்படத்தான் செய்வார்கள். அது நியாயமான சந்தேகம்.

சரி, வேறு எங்கே வைக்கலாம்? திருமயம் கோட்டையும் குடைவரைகளும் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருப்பவை. அங்கே எதையும் ஒளிக்கக் கூடாது. கோயில், ரயில் நிலையம், பேருந்து நிலையம் எல்லாம் தவிர்க்க வேண்டியவை, அழகான செட்டிநாடு ரயில் நிலையமும் சேர்த்து. கேட்பாரற்றுக் கிடக்கும் பை, டிபன் பாக்ஸ் எதையும் தொடாமல் போலீசுக்குச் சொல்லுங்கள் என்று ஒலிபெருக்கியில் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். அப்படி ஒரு டப்பாவை நாமே பொது இடத்தில் வைத்தால், ஒரு ஊரையே பதறவைத்த பாவம் வந்து சேரும். அதேபோல, யாராவது என்ன தேடுகிறீர்கள் என்று கேட்டால் புதையல் என்று மட்டும் வாயைத் திறக்காதீர்கள். ஊருக்கு வெளியே தனியாக இருக்கும் சிறு கோயில்களில் சிலை திருட்டும் புதையல் வேட்டையும் நடந்த அனுபவம் மக்களுக்கு இருக்கிறது. மண்ணிலிருந்து பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள எது கிடைத்தாலும் கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 1878-ஆம் ஆண்டுச் சட்டமே இருக்கிறது. பிள்ளைகளுக்குப் பழைய ரோட்டைக் காட்டிக்கொண்டு போகிறோம், வழியில் ஒரு விளையாட்டு என்று உண்மையைச் சொல்லுங்கள். அந்தப் பதிலுக்கு மறுமொழியாகப் பெரும்பாலும் யாராவது ஒரு பெரியவர் கூடவே வந்து இரண்டு கதை சொல்வார். எந்தப் பெட்டியிலும் அது இருக்காது.

உண்மையிலேயே ஒரு நிரந்தரப் பெட்டி வைக்க ஆசை இருந்தால், இந்த ஊரில் குடியிருக்கும் உறவினர் ஒருவர் அதைப் பராமரிக்க ஒப்புக்கொள்ள வேண்டும். அவருடைய சொந்தத் தோட்டத்து வேலியோரம் போன்ற இடமாக இருக்கட்டும். உள்ளே இருப்பது வெளியே தெரியும் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் டப்பா, மேலே இது ஒரு விளையாட்டு என்று தமிழில் எழுதிய சீட்டு, தொடர்புக்கு ஒரு எண். தின்பண்டம் எதுவும் உள்ளே வைக்க வேண்டாம், எறும்பும் குரங்கும் விடாது. அருகில் வேறு பெட்டி இருந்தால் குறைந்தது 161 மீட்டர் இடைவெளி வேண்டும் என்பது விதி. கடையின் பெயரை விளம்பரப்படுத்தும் பெட்டியை ஏற்க மாட்டார்கள்.

பெட்டி இல்லாத வகையில் விர்ச்சுவல் என்று ஒன்றுண்டு. ஆனால் 2005-இலேயே புதிதாக வைப்பதை நிறுத்திவிட்டார்கள்; 2017 முதல் தேர்ந்தெடுத்த சிலருக்கு மட்டும் அனுமதி தருகிறார்கள். எனவே உங்களுக்குத் திறந்திருக்கும் வாசல் எர்த்கேச். பெட்டி கிடையாது, ஓர் இடத்தின் மண்ணையும் பாறையையும் பார்த்துக் கேள்விகளுக்குப் பதில் அனுப்ப வேண்டும். அமெரிக்க நிலவியல் கழகத்தின் துணையோடு 2004-இல் தொடங்கியது. செட்டிநாட்டுக்கு இது எவ்வளவு பொருந்தும் தெரியுமா? காரைக்குடி, புதுக்கோட்டைப் பக்கம் எங்கு பார்த்தாலும் செம்புராங்கல். மழையும் வெயிலும் மாறி மாறி வந்து, கரையக்கூடிய சத்தெல்லாம் வெளியேறி, இரும்பும் அலுமினியமும் தங்கி இறுகிய கல். வெட்டும்போது மெதுவாக இருந்து, காற்று பட்டதும் இறுகும். சில கிலோமீட்டர் தள்ளித் திருமயத்தில் முற்றிலும் வேறான கருங்கல் பாறை. இரண்டையும் ஒரே நாளில் கையால் தடவிப் பார்த்து வித்தியாசம் சொல்லச் சொன்னால் பிள்ளைகளுக்கு நிலவியல் பாடம் முடிந்துவிடும்.

இனி நீங்களே ஆட்டம் அமைக்கும் முறை. முந்தின இரவே பெரியவர்களில் ஒருவர் அடுத்த நாள் போகும் ஐந்தாறு இடங்களைத் தேர்ந்தெடுத்து அவற்றின் ஜிபிஎஸ் எண்களைக் குறித்துக்கொள்ளட்டும். முதல் இடத்தின் எண்ணை மட்டும் முழுதாகக் கொடுங்கள். அடுத்த இடத்தின் எண்ணில் கடைசி மூன்று இலக்கங்களை மறைத்துவிடுங்கள்: வடக்கு 10° 10.அஆஇ என்பது போல. அ, ஆ, இ மூன்றும் முதல் இடத்தில் கிடைக்க வேண்டும். முகப்பில் தெரியும் தூண்கள் எத்தனை, படிகள் எத்தனை, கல்வெட்டில் உள்ள ஆண்டின் கடைசி இலக்கம் என்ன என்று கேளுங்கள். இங்கே நிமிடம் என்பது பாகையில் அறுபதில் ஒரு பங்கு. அதன் ஆயிரத்தில் ஒரு பங்கு என்பது தரையில் ஏறத்தாழ 1.85 மீட்டர். எனவே கடைசி இலக்கத்தில் ஒன்று தப்பினால் பரவாயில்லை, முதல் இலக்கத்தில் ஒன்று தப்பினால் 185 மீட்டர் தள்ளிப் போய்விடுவார்கள். அந்தத் தவற்றை அவர்களே கண்டுபிடித்துத் திரும்புவதுதான் ஆட்டத்தின் சுவை, உடனே திருத்த வேண்டாம். புளியமரத்தடியிலும் உயர்ந்த மதில் ஓரத்திலும் போன் பத்து மீட்டர் வரை தடுமாறும் என்பதையும் கணக்கில் வையுங்கள். பெட்டிக்குள் இருக்கும் நோட்டுக்குப் பதிலாகக் காரிலேயே ஒரு கோடு போட்ட நோட்டு இருக்கட்டும். ஒவ்வொரு இடத்திலும் தேதி, நேரம், எண், கண்டது என்ன என்று பிள்ளைகள் எழுத வேண்டும்.

இந்த ஆட்டத்துக்கு எனக்கு மிகவும் பிடித்த இடம் ஊருணிகள். ஊருக்கு ஊர், நான்கு பக்கமும் படி கட்டி, மழைநீரைச் சேர்த்துக் குடித்த குளங்கள். பல ஊருணிகளில் யார் வெட்டியது, எந்த ஆண்டு என்று கல்லில் இருக்கும். ஆண்டு சில சமயம் தமிழ்ப் பெயரில் மட்டும் இருக்கும். பிரபவ முதல் அட்சய வரை 60 ஆண்டுகள் சுழல்வதால், ஒரு பெயர் 60 ஆண்டுக்கு ஒருமுறை வரும். பெரும் பஞ்சம் வந்த தாது வருடம் 1876-77. அடுத்த தாது 1936-37. கல்லில் தாது என்று கண்டால் எந்தத் தாது என்று எழுத்தின் அமைப்பையும் கட்டடத்தையும் பார்த்து ஊகிக்க வேண்டும். நல்ல பெரியவர் ஒருவரைக் கேட்டால் சொல்லியும்விடுவார். குடிநீர் ஊருணிக்குள் காலை நனைக்கக் கூடாது, கரையில் செருப்போடு நடக்கவும் கூடாது. ஜியோகேச்சிங்காரர்கள் போகும் இடத்தில் குப்பையைப் பொறுக்கிக்கொண்டு வரும் வழக்கம் வைத்திருக்கிறார்கள் அல்லவா? அதற்கான சாக்குப் பையை இங்கே எடுங்கள்.

இரண்டாம் நாள் காரைக்குடியிலிருந்து குன்றக்குடி, பிள்ளையார்பட்டி வழியாகத் திருப்பத்தூர் சாலை. மருது சகோதரர்களை 1801 அக்டோபர் 24-இல் தூக்கிலிட்ட ஊர் திருப்பத்தூர். அவர்களின் நினைவிடத்தில் நின்று, வந்த சாலையின் மூன்று ஆட்சிகளைப் பற்றி மறுபடி பேசலாம். ஆனால் நீங்கள் தை மாதம் வருவதால் இந்தச் சாலையில் ஒரு முக்கியமான விஷயம். தைப்பூசத்தை ஒட்டி, செட்டிநாட்டு வணிகச் சமூகமான நகரத்தாரின் காவடிகள் குன்றக்குடியில் கூடி, சிங்கம்புணரி, நத்தம், திண்டுக்கல் வழியாகப் பழனிக்கு நடக்கும். உப்பு வணிகத்துக்காகப் பழனிக்குப் போன காலத்திலிருந்து வரும் நடை என்பார்கள். கூடவே ஆயிரக்கணக்கான பாதயாத்திரைக்காரர்கள், இரவிலும் விடியலிலும். அந்த நாட்களில் இருட்டிய பிறகு இந்தச் சாலையில் வண்டி ஓட்ட வேண்டாம். பகலில் மெதுவாகப் போங்கள், ஓரத்தில் நிறுத்தித் தண்ணீர் கொடுங்கள். பழைய சாலை எதற்காகப் போடப்பட்டதோ அதற்காகவே இன்னும் பயன்படுவதைப் பிள்ளைகள் கண்ணால் பார்ப்பார்கள். என்னைக் கேட்டால் இந்தப் பயணத்தின் உச்சம் இதுதான். தேதி ஒத்துவந்தால் மற்ற எதையும் விட்டுவிட்டு இதைப் பாருங்கள்.

மூன்றாம் நாளுக்கு இரண்டு வழிகள். இளையாத்தங்குடி, மாத்தூர், வைரவன்பட்டி, இரணியூர், பிள்ளையார்பட்டி, நேமம், இலுப்பைக்குடி, சூரைக்குடி, வேலங்குடி என்ற, நகரத்தாரின் ஒன்பது நகரக் கோயில்களைச் சுற்றும் வழி ஒன்று. சிறு சாலைகள், கண்மாய்க் கரைகள், நல்ல ஆட்டம் அமைக்கலாம். ஆனால் நண்பகலில் நடை சாத்திவிடுவார்கள், ஒன்பதையும் ஒரே நாளில் முடிக்கப் பிள்ளைகளை விரட்ட வேண்டியிருக்கும். நான்கைந்து போதும். இல்லையென்றால் ஆத்தங்குடிக்குப் போய், கண்ணாடித் தகட்டின்மேல் வண்ணத்தை ஊற்றி ஒவ்வொரு பூக்கல்லையும் கையால் செய்வதைப் பார்த்துவிட்டு, மாலையில் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழம்பொருள் கடைகளைப் பார்க்கலாம். சின்னப் பிள்ளைகள் என்றால் இரண்டாவது வழி.

மற்றபடி சில்லறை விஷயங்கள். தை மாதமானாலும் பதினொரு மணிக்கு மேல் வெயில் சுடும். தேடல் எல்லாம் காலையிலும் நாலு மணிக்கு மேலும் வைத்துக்கொள்ளுங்கள், நடுவில் சாப்பாடும் தூக்கமும். கல்லிடுக்கு, புற்று, பொந்து எதிலும் வெறும் கையை விட வேண்டாம், ஒரு குச்சியால் தட்டிப் பார்க்கப் பழக்குங்கள். பாம்பு உள்ள பூமி. ஊர்களுக்கு நடுவில் சிக்னல் விட்டுவிட்டு வரும் என்பதால் வரைபடத்தை முன்பே போனில் இறக்கிக்கொள்ளுங்கள். வெள்ளைப் பணியாரமும் காரச் சட்னியும் கிடைக்கும் இடத்தைக் காரைக்குடியில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

கடைசியாக அக்காவிடம் இன்றே சொல்ல வேண்டிய ஒன்று. சாதாரணக் கையடக்க ஜிபிஎஸ் கொண்டுவரலாம். ஆனால் செயற்கைக்கோள் வழியாகச் செய்தி அனுப்பும் வசதி உள்ள மலையேற்றக் கருவிகளை வெளிநாட்டில் பலர் வைத்திருப்பார்கள். அவற்றையும் சாட்டிலைட் போனையும் நம் நாட்டில் உரிமம் இல்லாமல் வைத்திருப்பது குற்றம். விமான நிலையத்திலேயே பிடித்துவிடுவார்கள். அதை அங்கேயே வீட்டில் வைத்துவிட்டு வரட்டும். இந்தச் சாலைக்குப் போன் போதும்.